வெரோனிக்காவின் பால்கனி

கப்பல் ஏறிய நாலாம் நாள் காலையில் வெரோனிக்கா தன்னுடைய பால்கனிக்குப் போவதற்குத் தன்னுடைய அறைக்குள்ளேயே "கொஞ்சம் தள்ளுங்க, கொஞ்சம் தள்ளுங்க" என்று கெஞ்ச வேண்டியிருந்தது. கட்டில் ஓரத்தில் அவள் கணவனின் அக்கா ஜெயமேரி கால்களை நீட்டி உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். சோபாவில் சந்திராதேவி அக்கா ஓர் இஞ்சித் துண்டை வாயில் ஒதுக்கிக்கொண்டு, குமட்டல் வருகிறதா இல்லையா என்று கண்ணை மூடிக் கவனித்துக்கொண்டிருந்தார். பால்கனியில் இருந்த இரண்டு நாற்காலிகளில் ஒன்றில் அவருடைய கணவர் குலம் சார். மற்றதில் யாருடையது என்று தெரியாத ஓர் ஈரக் கைலி.

கடல் இருந்தது. அதைப் பார்க்கத்தான் இடமில்லை.

"தங்கச்சி, இதைக் கேளுங்கோ," என்றார் குலம் சார், கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், யாழ்ப்பாணத்து வம்சம். மலாக்காவில், புக்கிட் காத்திலில், வெரோனிக்காவின் பக்கத்து வீடு. இந்தக் கப்பலைப் பற்றி உலகத்தில் யார் யார் என்னென்ன எழுதியிருக்கிறார்கள் என்று ஏறுவதற்கு முன்பே ஒன்று விடாமல் படித்து முடித்திருந்தார். "ஈப்போவில இருந்து ஒருத்தர் எழுதியிருக்கிறார். சோறு வேகேல்ல, லிப்ட் வாறதில்ல, குளிர் தாங்கேலாது. ரெண்டு நட்சத்திரம். நான் சொன்னனான்தானே?"

"சொன்னீங்க சார்."

"இன்னொருத்தர், கப்பல் அருமை, ஆனா கூட வந்த பயணிகள்தான் சரியில்லை எண்டு எழுதியிருக்கிறார். அதுக்கு அஞ்சு நட்சத்திரம்."

அந்தப் புண்ணியவான் எந்த ஊராக இருந்தாலும் அவர் பிள்ளைகுட்டியோடு நன்றாக இருக்க வேண்டும் என்று வெரோனிக்கா மனதுக்குள் வாழ்த்தினாள்.

மலாக்காவின் பத்து பெரண்டாம் தொழிற்பேட்டையில், எலக்ட்ரானிக் கம்பெனி ஒன்றில், அவள் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவள். ஜன்னல் இல்லாத ஹால். வெளியே மழையா வெயிலா என்பது அடுத்த ஷிப்டுக்கு வருகிறவள் கையில் இருக்கும் குடையைப் பார்த்துத்தான் தெரியும். மைக்ரோஸ்கோப்புக்குள் கண்ணை வைத்தால் தலைமுடியை விட மெல்லிய கம்பிகள். கண்ணை எடுத்தால் வெள்ளைச் சுவர். மலாக்காவில் பிறந்து வளர்ந்தவளுக்குக் கடல் ஒன்றும் புதிதில்லை. ஆனால் கடலோரம் போன போதெல்லாம் அவள் யாருக்காவது மீன் பொரித்துக்கொண்டோ, யார் பிள்ளையையாவது தண்ணீரிலிருந்து இழுத்துக்கொண்டோதான் இருந்திருக்கிறாள். ஓய்வு பெற்றதும் மகள் பமேலா, "மா, ஒனக்கு என்ன வேணும்? நீயே சொல்லு" என்று கேட்டாள். வெரோனிக்கா யோசிக்கவே இல்லை.

"ஒரு நாற்காலி. எதிர்ல கடல். யாரும் என்னைக் கூப்புடக் கூடாது."

கோலாலம்பூரில் வேலை பார்க்கும் பமேலா அங்கிருந்தே எல்லாவற்றையும் பார்த்து, அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பால்கனி உள்ள அறையாகப் போட்டுக் கொடுத்தாள். கிள்ளானில் ஏறி, புக்கெட் போய், பினாங்கில் ஒரு பகல் நின்று, மறுபடி கிள்ளான். மகள் வரம் கொடுத்துவிட்டாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டுமே. அந்தப் பூசாரி அவள் கணவர் பால்ராஜ்.

பால்ராஜ் அந்தக் காலத்து ஃபேக்டரி பஸ் டிரைவர். ஓய்வு பெற்றும் பஸ் அவரை விடவில்லை. வருஷா வருஷம் ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் கோவில் திருவிழாவுக்கு மலாக்காவிலிருந்து பஸ் பிடித்து ஆள் கூட்டிப் போவது அவர்தான். தனியாகப் போவது என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அவருக்குத் தெரியாது. கப்பல் உறுதியான அந்த வாரமே, ஞாயிறு பூசை முடிந்து வாசலில் நின்றபடி, "கப்பல்ல போறோம், யார் யாரு வர்றீங்க?" என்று கேட்டுவிட்டு வந்தார். கோவில் ஆள்கள் போதாது என்று குலம் சாரையும் அவர் மனைவியையும் சேர்த்தார். மொத்தம் பதினாலு பேர்.

"ஏங்க, நாம ரெண்டு பேரு மட்டும் போறதுக்குத்தான பமேலா போட்டா?" என்று வெரோனிக்கா கேட்டாள்.

"ரெண்டு பேரு போறதுக்கு எதுக்கு அவ்ளோ பெரிய கப்பலு?"

இதற்கு என்ன பதில் சொல்வது என்று இன்றுவரை யோசித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

மற்றப் பன்னிரண்டு பேரும் ஜன்னல் இல்லாத உள்ளறைகளைப் பிடித்தார்கள். "தூங்கத்தான போறோம்லா, ஜன்னல் எதுக்கு?" என்பது ஜெயமேரியின் தீர்ப்பு. முதல் இரவே தீர்ப்பு தலைகீழானது. விளக்கை அணைத்தால் கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று தெரியாத இருட்டு. விடிந்ததா இல்லையா என்று புரியாமல் ஜெயமேரி எழுந்து, பல் விளக்கி, ஜெபமாலை சொல்லி முடித்து வெளியே வந்தால் மணி மூன்று. "சவப்பெட்டிக்குள்ள படுத்த மாதிரி இருக்குடியம்மா" என்று அவள் வெரோனிக்காவின் கதவைத் தட்டினாள். கழுதை கெட்டால் குட்டிச்சுவர். ஒவ்வொருவராகப் பால்கனி அறைக்கு வந்து சேர்ந்தார்கள். காற்று வாங்க வந்தார்கள், துணி காயப்போட வந்தார்கள், வாந்தி வருகிறது என்று வந்தார்கள், வரவில்லை என்று சொல்லவும் வந்தார்கள். பால்ராஜ் யாரையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. "உள்ள வாங்க, உள்ள வாங்க, நம்ம ரூம்தான்" என்றார்.

நம்ம ரூம்!

அவர் செய்த மற்றக் கூத்துகளைச் சொன்னால் கதை முடியாது. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. கிள்ளானில் கப்பல் புறப்படுவதற்கு முன், ஆபத்து நேரத்தில் எங்கே வந்து கூட வேண்டும் என்று பயிற்சி வைத்தார்கள். அவரவர் அட்டையைக் கருவியில் காட்டி, விளக்கத்தைக் கேட்டு, முடிந்தது, போகலாம் என்றார்கள். பால்ராஜ் போகவில்லை. கையிலிருந்த நாளிதழைச் சுருட்டி, நம் ஆள்களின் தலையை ஒவ்வொன்றாகத் தட்டி எண்ணினார். அது அவருடைய பஸ் பழக்கம். தலை எண்ணி முடித்து, டிரைவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டி "ஓகே, ஜாலான்!", வண்டியை எடு என்று மலாயில் அவர் சொன்னால்தான் அன்னம்மாள் பஸ் நகரும். ஒரு தலை குறைந்தால் பஸ் நகராது, யார் கத்தினாலும் நகராது.

"ஒரு ஆள் கொறையுது!" என்றார் பால்ராஜ்.

"நீங்க போகலாம் சார்," என்று அந்தக் கப்பல்காரப் பையன் ஆங்கிலத்தில் பணிவாகச் சொன்னான்.

"நோ, நோ. ஒன் மேன் மிஸ்ஸிங். யூ வெயிட்!"

குலம் சார் கழிவறையிலிருந்து கைக்குட்டையால் முகம் துடைத்துக்கொண்டு வந்து சேரும்வரை அவர் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். பின்னால் இருநூறு பேர் நின்றார்கள். வெரோனிக்கா ஒரு தூணுக்குப் பின்னால் போய், இவர் யாரோ நான் யாரோ என்று நின்றுகொண்டாள். கப்பலின் முதல் சூரிய அஸ்தமனம் அந்தத் தூணோடு போயிற்று.

இரண்டாவது அஸ்தமனத்தைச் சிஞ்சாலோக் கொண்டுபோனது. ஜெயமேரி சேலைக்குள் சுற்றி வைத்திருந்த ரைஸ் குக்கரைக் கிள்ளானிலேயே ஸ்கேன் மிஷின் காட்டிக் கொடுத்துவிட்டது, அதைப் பறித்து வைத்துக்கொண்டார்கள். "ஒரு கஞ்சி வெச்சுக் குடிக்க வழியில்லாத கப்பலு!" என்று அவள் அன்று முழுக்கப் புலம்பினாள். ஆனால் சிஞ்சாலோக் புட்டி தப்பிவிட்டது. செர்காமில் அவள் வீட்டுக்குப் பக்கத்து மலாய்க் கிராமத்தில் வாங்கியது. கூனி இறாலை உப்பும் சோறும் போட்டுப் புளிக்க வைத்த பண்டம், மலாக்காக்காரர்களுக்கு அது இல்லாமல் சோறு இறங்காது. நாளானால் மூடிக்குள்ளேயே நுரைத்துக்கொண்டு நிற்கும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதைக் கொண்டுபோய் வெரோனிக்காவின் பால்கனியில், நல்ல வெயிலில், ஜெயமேரி வைத்தாள்.

சாயங்காலம் வெரோனிக்கா எல்லாரையும் சாப்பாட்டு ஹாலுக்கு அனுப்பிவிட்டு, ஆசையாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரப் போனாள். பட்டாசு வெடித்ததுபோல் ஒரு சத்தம். மூடி எங்கே போனது என்று கடலுக்குத்தான் தெரியும். உள்ளே இருந்தது திரைச்சீலையில், நாற்காலியில், அவள் தலையில், கீழ்த்தளத்துப் பால்கனியில் காப்பி குடித்துக்கொண்டிருந்த சீனத் தம்பதியின் மேல். கையுறை போட்ட இரண்டு பணியாளர்கள் மருந்தடிக்கும் குழாயோடு வந்து, எலி எங்கே செத்துக் கிடக்கிறது என்று தேடினார்கள். வெரோனிக்கா மன்னிப்புக் கேட்டுக் கேட்டு, முட்டி போட்டுத் தரையைத் துடைத்து நிமிர்ந்தபோது கடல் கறுத்துப் போயிருந்தது.

"வீணாப் போச்சே, நல்ல சாமான்," என்றாள் ஜெயமேரி. அவ்வளவுதான் சொன்னாள்.

மூன்றாம் நாள் புக்கெட்டில் அதே ஜெயமேரிக்குப் பை தூக்கியே முடிந்தது. ஆக இன்று பினாங்கு, மிச்சம் இருப்பது ஒரே ஒரு சாயங்காலம். நாளை விடிந்தால் கிள்ளான், மத்தியானம் புக்கிட் காத்தில், இரவுக்குச் சமையல். நினைக்கும்போதே வெரோனிக்காவுக்கு அழுகை முட்டியது. அழுவதற்கும் அந்த அறையில் தனி இடம் இல்லை.

அப்போதுதான் பால்ராஜ் சுருட்டிய நாளிதழோடு உள்ளே வந்தார். முகம் கல்யாண வீட்டுக்காரர் முகம்.

"எல்லாரும் ரெடியா? வேன் கீழ வந்துருச்சு. பினாங்கு வரைக்கும் வந்துட்டு அன்னம்மாளப் பாக்காமப் போனா நல்லாருக்குமா? பாலத்தத் தாண்டுனா புக்கிட் மெர்தாஜாம். போய்ட்டு, கும்புட்டுட்டு, சாப்புட்டுட்டு, வந்துரலாம்."

குலம் சார் கைப்பேசியை உயர்த்தினார். "பால்ராஜ், ஒருத்தர் எழுதியிருக்கிறார். சொந்தமா வேன் பிடிச்சுப் போய்க் கப்பலைத் தவற விட்டவராம். கப்பல்காரர்ட டூர் பஸ்ஸில போனா மட்டும்தான் கப்பல் நிக்குமாம். ஒரு நட்சத்திரம்."

"அது யாரோ தெரியாதவன் சார். அவனுக்கு ஆள் இல்ல, சொல்லுறதுக்கு. நாம பதினாலு பேரு. பதினாலு பேர விட்டுட்டு எவனாவது வண்டிய எடுப்பானா?"

குலம் சார் ஒரு கணம் யோசித்தார். பிறகு செருப்பைத் தேடினார். இத்தனையும் படித்த மனிதர், வேனில் முதல் இடம் பிடித்ததும் அவர்தான்.

"நான் வரலைங்க," என்றாள் வெரோனிக்கா.

ஜெயமேரியின் கை முழங்காலிலேயே நின்றுவிட்டது.

"என்ன வெரோனிக்கா, ஒடம்பு சரியில்லையா?"

"ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு அண்ணி. நான் இங்க இருக்கேன்."

"அன்னம்மா கோவிலுக்கு வரலைன்னு யாராச்சும் சொல்லுவாங்களா? அதுவும் வாசல் வரைக்கும் வந்துட்டு?"

"வருஷா வருஷம் வர்றேன் அண்ணி. அந்தம்மாவுக்கே என் மூஞ்சி சலிச்சுப் போயிருக்கும். என் பேர்ல ஒரு மெழுகுவத்தி ஏத்திருங்க."

ஜெயமேரி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். பால்ராஜ் மனைவியை ஒருதரம் பார்த்தார். கோபமில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். அவருக்குப் புரியவே இல்லை. தட்டில் சோறு வைத்தும் ஏன் சாப்பிடவில்லை என்று பார்க்கிறவர் மாதிரி பார்த்தார். பிறகு தலைகளைத் தட்டினார். பதின்மூன்று. இரண்டாம் முறையும் எண்ணினார். "ஓகே, ஜாலான்," என்றார், ஆனால் பழைய சத்தம் இல்லை.

"நாலரைக்குள்ள எல்லாரும் கப்பல்ல இருக்கணும், ஞாபகம் இருக்கட்டும்!" என்று வெரோனிக்கா கதவு வரைக்கும் போய்ச் சொல்லி அனுப்பினாள்.

கதவு சாத்திக்கொண்டது. அவள் ஈரக் கைலியை எடுத்து மடித்துக் கதவுக்கு வெளியே வைத்தாள். நாற்காலியைத் துடைத்தாள். உட்கார்ந்தாள்.

அடடா, அந்த அமைதி! பாதிக் கப்பல் ஊருக்குள் இறங்கியிருந்தது. ஒலிபெருக்கியும் வாய் மூடியிருந்தது. துறைமுகத்துக்கு அப்பால் ஃபெரி ஒன்று அக்கரைக்குப் போனது, திரும்பி வந்தது, மறுபடி போனது. அவள் எதையும் நினைக்கவில்லை. பணியாள் கொண்டுவந்து வைத்த தேநீர் ஆறிப்போனது, அது ஆறியதைக் கூட யாரும் கேட்கவில்லை. உட்கார்ந்தபடியே ஒரு தூக்கம் போட்டாள். விழித்து மறுபடி கடலைப் பார்த்தாள். இதற்குத்தானே வந்தேன், கர்த்தரே, இதற்குத்தானே வந்தேன் என்று வாய்விட்டே சொன்னாள். கடலில் கப்பல் நகரும்போது இதே நாற்காலியில் உட்கார்ந்து சூரியன் இறங்குவதைப் பார்த்துவிட்டால் போதும், நாளைக்குப் பத்துப் பானை சமைக்கவும் தயார்.

நாலு மணிக்குக் கைப்பேசி அடித்தது.

"வெரோ, பாலத்துல மாட்டிக்கிட்டோம்," என்றார் பால்ராஜ். பின்னால் ஹாரன் சத்தம், அதற்கும் மேலே ஜெயமேரியின் சத்தம். "முன்னால லோரி ஒன்னு கவுந்துருச்சு. ஒரு வண்டி நகரல. நீ போய் கேப்டன்கிட்ட சொல்லு. கொஞ்சம் நிறுத்தச் சொல்லு."

"யாருகிட்ட?"

"கேப்டன்கிட்டலா! பெரிய ஆளு இருப்பான்ல? பதிமூணு பேரு வந்துக்கிட்டு இருக்காங்கன்னு சொல்லு. சொன்னா நிப்பான்."

"காலையிலேயே கெளம்புனீங்களே, அங்க இவ்ளோ நேரம் என்னங்க செஞ்சீங்க?"

கைப்பேசியை யாரோ பிடுங்கினார்கள். ஜெயமேரி. "நான் முட்டிக்கு நேந்துக்கிட்டேன், மலை ஏறி சிலுவைப்பாதை முழுசும் செஞ்சேன். தண்ணி புடிக்க வேற நின்னோம். ஒன் மெழுகுவத்திய ஏத்தவும்தான் நின்னோம்! நீ வந்திருந்தா இப்படி ஆயிருக்குமா? நீ இருந்தா மணிய மணியச் சொல்லி வெரட்டியிருப்ப. நீ வராததுனாலதான் இவ்ளோவும்!"

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம். ஆனால் அந்தக் கோபத்துக்கு நடுவிலும் வெரோனிக்காவுக்குச் சுருக்கென்றது, ஏனென்றால் ஜெயமேரி சொன்னது உண்மை. அன்னம்மாள் பஸ் இத்தனை வருஷமும் நேரத்துக்கு ஊர் திரும்பியது பால்ராஜ் தலை எண்ணியதால் இல்லை. அவர் எண்ணுவதற்குத் தலைகளைக் கடையிலிருந்தும் கழிவறையிலிருந்தும் தேடிப் பிடித்து வந்து உட்கார வைத்தது அவள். அது அவளுக்கே இப்போதுதான் தெரிந்தது.

போகாமலும் இருக்க முடியவில்லை. கீழே கவுண்டருக்கு ஓடினாள். அங்கே இருந்த பிலிப்பைன்ஸ் பெண் பொறுமையாகக் கேட்டாள். கப்பல்காரர்களின் டூரில் போனவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள், தனியாகப் போனவர்களுக்காகக் கப்பல் நிற்காது, மன்னிக்க வேண்டும் என்றாள். வெரோனிக்கா பதின்மூன்று பேர் என்றாள். அந்தப் பெண் கப்பலில் இரண்டாயிரம் பேர் இருக்கிறார்கள் என்றாள். சிரித்த முகத்தோடுதான் சொன்னாள்.

பால்ராஜைக் கைப்பேசியில் கூப்பிட்டு அப்படியே சொன்னாள்.

"நிக்க மாட்டானா?"

"மாட்டாங்களாம்."

"ஆள் வராம எடுக்கறதா? அது என்ன வண்டி?"

அந்தக் குரலில் இருந்த திகைப்பு அவளை என்னவோ செய்தது. இந்த வார்த்தையை அவள் முன்பே கேட்டிருக்கிறாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஜாசின் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து அவள் மெயின் ரோட்டுக்கு ஓடி வர வேண்டும். தினமும் தாமதம். பஸ்ஸுக்குள் இருந்த பெண்கள் எல்லாரும் சம்பளம் வெட்டுவான், எடு எடு என்று கத்துவார்கள். டிரைவர் பால்ராஜ் என்ஜினை அணைத்துவிட்டு, "ஆள் வராம எடுக்கறதா? அது என்ன வண்டி?" என்பார். தலைமுடியை அள்ளி முடிந்தபடி அவள் ஏறுவாள். அப்படிக் காத்திருந்து காத்திருந்துதான் கல்யாணமே நடந்தது. நல்ல மனுஷன். அதை அவள் என்றைக்கும் மறுத்ததில்லை. ஆனால் நின்ற பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்தவர்களுக்குச் சம்பளம் வெட்டினார்கள் என்பதை அவர் என்றைக்கும் யோசித்ததில்லை.

"சரி, அப்போ ஒன்னு பண்ணு," என்றார் பால்ராஜ். திகைப்பு போய், பழைய ஏற்பாட்டுக் குரல் வந்துவிட்டது. "நீ எறங்கிரு. என் மருந்த எடுத்துக்க, எறங்கி துறைமுக கேட் வாசல்ல நில்லு. ஒன்னா பஸ் புடிச்சு மலாக்கா போயிரலாம். பேக்கெல்லாம் பமேலாவ விட்டு கிள்ளான்ல எடுத்துக்கச் சொல்லலாம். சீக்கிரம்!"

வெரோனிக்கா அறைக்கு ஓடினாள். கை தானாக வேலை செய்தது. அவருடைய சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, வாசிக்கும் கண்ணாடி, இரவில் பஸ்ஸில் குளிரும் என்று கழுத்துத் துண்டு. ஜெயமேரி கட்டிலிலேயே விட்டுப்போன தைலப் புட்டி. சந்திராதேவி அக்காவுக்கு மிச்சமிருந்த இஞ்சி. சாப்பிடாமல் மாத்திரை போடக் கூடாதே என்று ஒரு பொட்டலம் பிஸ்கட். எல்லாம் பையில் போய்விட்டது. அவளுடைய செருப்பு மட்டும் பால்கனியில் நாற்காலிக்கு அடியில் இருந்தது. அதை எடுக்கப் போனவள், வெயில் சாய்ந்து தண்ணீர் மஞ்சளாக மாறத் தொடங்கியிருந்ததைப் பார்த்தாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

கப்பலின் வாசலில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் நின்றார். "மேடம், இப்போ எறங்கினா திரும்ப ஏற முடியாது," என்றார். பக்கத்தில் மஞ்சள் மேலங்கி போட்ட ஒருவர். துறைமுகத்து ஏஜண்ட், விடுபட்டவர்களைப் பார்த்துக்கொள்வதே அவர் வேலையாம். தமிழர். பெயர் கணேசமூர்த்தி என்று சட்டையில் எழுதியிருந்தது. "பயப்படாதீங்கக்கா, மாசத்துக்கு நாலு பேரு இப்படி ஆவாங்க. பதிமூணு இதுதான் முதல் தடவ," என்றார்.

கைப்பேசி அடித்தது.

"எறங்கிட்டியா?"

வெரோனிக்கா வாசல் விளிம்பில் நின்றாள். ஒரு நல்ல காரணம் வாய்க்குள் தயாராக இருந்தது. பதினாலு பேருடைய பேக்கையும் தனியாக விட முடியுமா, நாளைக்குக் கிள்ளானில் யார் எடுப்பது, பமேலாவுக்கு லீவு கிடைக்குமா. சொன்னால் பால்ராஜ் உடனே ஒத்துக்கொள்வார். ஜெயமேரி கூட வாயைத் திறக்க மாட்டாள். இத்தனை வருஷமும் அவள் ஆசைப்பட்டதை எல்லாம் இப்படி யாருடைய மூட்டைக்குள்ளாவது ஒளித்துத்தான் கொண்டுவந்திருக்கிறாள்.

"நான் எறங்கலைங்க," என்றாள்.

"ஏன், பேக்குக்காகவா? அதான் பமேலா..."

"பேக்குக்காக இல்ல. எனக்கு எறங்க இஷ்டமில்ல."

ஹாரன். ஹாரன். ஜெயமேரி "என்னவாம், என்னவாம்?" என்று கேட்பது தெளிவாகக் கேட்டது.

"தனியாவா இருக்கப் போற?" என்றார் பால்ராஜ்.

"ஆமாங்க. ராத்திரி மாத்திரைய சாப்புட்டுட்டுப் போடுங்க. பையில எல்லாம் வெச்சிருக்கேன். கணேசமூர்த்தின்னு ஒருத்தர், மஞ்சச் சட்டை, அவருகிட்ட குடுத்துட்டுப் போறேன்."

பையைக் கணேசமூர்த்தியிடம் கொடுத்தாள். வாரை அவர் பிடித்துக்கொள்ளும்வரை விடாமல் இருந்தாள், பிறகு விட்டுவிட்டாள். லிப்ட் வரவில்லை. ஈப்போக்காரர் எழுதியது சரிதான். படியேறினாள்.

குற்ற உணர்ச்சி வரும் என்று ஒவ்வொரு தளத்திலும் எதிர்பார்த்தாள். மூச்சிரைப்புத்தான் வந்தது. பால்கனிக்கு வந்து சேர்ந்தபோது கோபம் வந்தது, நல்ல கோபம், இத்தனை நாள் கோபம். அதற்குப் பின்னாலேயே சிரிப்பும் வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் எதனால் என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

கயிறுகளை அவிழ்த்தார்கள். கப்பலுக்கும் துறைக்கும் நடுவே ஒரு கை அகலம் தண்ணீர் தெரிந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் வேன் வந்து நின்றது. கதவு திறந்து எல்லாரும் கொட்டினார்கள். ஜெயமேரி இரண்டு கையிலும் அன்னம்மாள் கோவில் தண்ணீர்ப் புட்டிகளோடு நொண்டிக்கொண்டே ஓடி வந்தாள். குலம் சார் கைப்பேசியில் எதையோ ஆவேசமாகத் தட்டிக்கொண்டு வந்தார், எத்தனை நட்சத்திரம் என்று கேட்க வேண்டியதில்லை. கடைசியாகப் பால்ராஜ். பஸ் டிரைவருக்குக் காட்டுவதுபோல் சுருட்டிய நாளிதழைத் தலைக்கு மேலே ஆட்டிக்கொண்டே ஓடி வந்தார். கப்பல் அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

துறை விளிம்பில் வந்து நின்றார். கணேசமூர்த்தி பையை அவர் கையில் கொடுத்தார். அவர் பையைத் திறந்து உள்ளே பார்த்தார், மேலே கப்பலைத் தளம் தளமாகத் தேடினார். வெரோனிக்கா கையை உயர்த்தினாள். அவர் கண்டுகொண்டார்.

பிறகு அவர் செய்ததுதான் அவளால் மறக்க முடியாதது. திரும்பி நின்று தலைகளைத் தட்டி எண்ண ஆரம்பித்தார். ஜெயமேரி, குலம் சார், சந்திராதேவி அக்கா, ஒவ்வொருவராக. தன் தலையையும் தட்டிக்கொண்டார். கடைசியில் நாளிதழை உயர்த்தி, தண்ணீருக்கு மேலே, நேராக அவளைக் காட்டி நிறுத்தினார். திட்டுகிறாரா, பதினாலாவதாக எண்ணுகிறாரா என்று அவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை. அவரை அறிந்தவரைக்கும் இரண்டுமாகத்தான் இருக்கும்.

நாளிதழ் இறங்கவில்லை. காத்துக்கொண்டே இருந்தது.

வெரோனிக்கா கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். நாற்காலியைக் கடல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு கைப்பிடிக் கம்பியில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"ஓகே," என்றாள் கப்பலிடம். "ஜாலான்."